ஈரத்தை அடக்கினால் பாதி வேலை முடிந்தது

சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பழக்கம் உண்மையிலேயே பயன் தரும், எது வெறும் மனத்திருப்திக்கு என்பது விளங்கிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் போடுவது எதுவும் மண்ணுக்குப் போவதில்லை. லாரியேறி எரியாலைக்குப் போகிறது. அங்கே எரிந்து, கன அளவில் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, சாம்பலாகத் துவாஸிலிருந்து படகேறி செமாக்காவ் தீவு நிரப்புநிலத்தைச் சேர்கிறது. 1999-இல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு.

இதிலிருந்தே சில விஷயங்கள் தெளிவாகிவிடும். காய்கறிக் கழிவைக் கட்டிப்போட 'மட்கும் பை' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதில் இங்கே பொருளில்லை. அந்தப் பை மட்கப் போவதே இல்லை, மற்றப் பைகளோடு சேர்ந்து எரியத்தான் போகிறது. இன்னொன்று, உணவுக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர். அதை எரிப்பது என்றால் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்க வெப்பத்தைச் செலவழிக்க வேண்டும். 2023-இல் இந்த நாட்டில் உண்டான உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடுதான்.

வீட்டுக்குள்ளும் சிக்கல் எல்லாம் ஈரத்தில்தான் தொடங்குகிறது. குப்பைக் குழாயில் கரப்பான், மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் நனைந்த அட்டை, ஃபிரிட்ஜில் அழுகிய கொத்தமல்லி, உரத்தொட்டியில் நாற்றம், தொட்டிச் செடியின் தட்டில் கொசு என எதை எடுத்தாலும் காரணம் அதுவே. காற்றிலேயே ஈரம் கனக்கும் ஊர் இது. வெளிநாட்டு யூடியூப் காணொளியைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே பாதி தோற்றுப்போவதும் இதனால்தான்.

கட்டிப்போடும் முன்

சிங்கில் அடியோடு ஒட்டிய வலை வடிகட்டி இருக்கும். அதற்கு மேல் கைப்பிடி வைத்த ஒரு சிறு வடிதட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கும்போது தோலைச் சிங்கில் போட்டுப் பிறகு அள்ளுவதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அதை முதலில் நிறுத்த வேண்டும். தோல் நேராகப் பழைய நாளிதழ் மீது விழட்டும். தண்ணீர் படாத வெங்காயத் தோலும் உருளைத் தோலும் இரண்டு நாள் இருந்தாலும் நாறாது. அதே தோல் நனைந்துவிட்டால் மறுநாளே வாடை வரும்.

சாப்பிட்ட தட்டில் மிஞ்சும் சாம்பார், ரசச் சக்கையை வடிதட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தி வடியவிட்டு, பிறகு நாளிதழில் சுருட்டிக் கட்டுங்கள். தேங்காய்ப்பால் பிழிந்த சக்கைக்கும் இதே முறைதான். தேயிலைத் தூளை மட்டும் வடிகட்டியிலேயே ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டுப் பிழியுங்கள். நம் தேநீர்த் தூளில் பாலும் சீனியும் ஒட்டியிருக்கும். எறும்பும் பழ ஈயும் தேடி வருவது அதைத்தான்.

மீன் செதில், குடல், இறால் ஓடு இருக்கும் நாள்களில் அவற்றை ஒரு பழைய பரோட்டாப் பொட்டலத்தில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். குப்பை கொட்டும் நேரத்தில் எடுத்துப் போட்டால் போதும். உறைந்த கழிவில் நாற்றமும் இல்லை, ஒழுகலும் இல்லை. 'குப்பையையா ஐஸில் வைப்பது' என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஒரு வாரம் சமையலறை வாடை இல்லாமல் இருந்தால் அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

பை விஷயத்துக்கு வருவோம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். அதன் பிறகு பல வீடுகளில் சும்மா கிடைத்த பை நின்றுபோய், குப்பைக்கென்றே சுருள் பை வாங்கும் வழக்கம் வந்திருக்கிறது. அதற்கு அவசியமே இல்லை. ரொட்டிப் பை, அரிசிப் பை, மிக்சர் பொட்டலம், உறைந்த பட்டாணி வந்த உறை எல்லாம் குப்பைப் பைகள்தான். வடிகட்டிப் பிழிந்த ஒருநாள் ஈரக் கழிவு ஒரு ரொட்டிப் பைக்குள் அடங்கிவிடும். பெரிய தொட்டிக்குப் பெரிய பை போட்டு நிரம்பும்வரை மூன்று நாள் காத்திருப்பதைவிட, சிறு பையில் தினமும் கட்டிப் போடுவதே மேல். கட்டாமல் குழாயில் கொட்டுவது மட்டும் கூடவே கூடாது. சுவரெல்லாம் ஒட்டிக் காயும் உணவுத் துகளுக்குத்தான் கரப்பான் வருகிறது. பிறகு மூன்றாம் மாடி வீட்டுக்காரரும் பத்தாம் மாடி வீட்டுக்காரரும் சேர்ந்து அனுபவிக்க வேண்டியதுதான்.

பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். சூட்டோடு ஓடும் எண்ணெய் குழாயின் உள்ளே ஆறிப் படிந்துவிடும், அதன் மேல் சோற்றுப் பருக்கை ஒட்டும், கடைசியில் பிளம்பரைக் கூப்பிட வேண்டிவரும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டினால் இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்ந்துவிடும். கறுத்த எண்ணெயை நன்றாக ஆறவிட்டு, காலிப் பால் பெட்டியில் கிழித்த நாளிதழைத் திணித்து, அதில் ஊற்றி, எண்ணெய் ஊறியபின் வாயை ஒட்டிக் குப்பையில் போடலாம்.

நீலத் தொட்டியில் சாம்பார்

தேசிய மறுசுழற்சித் திட்டம் 2001-இல் தொடங்கியது. இன்றைக்கு ஒவ்வொரு புளோக்கின் கீழும் நீலத் தொட்டி இருக்கிறது. 2014 முதல் விற்பனைக்கு வந்த வீவக வீடுகளில் மறுசுழற்சிக்கென்றே தனிக் குழாயும் உண்டு. அப்படியும் 2023-இல் வீட்டுக் கழிவில் மறுசுழற்சி ஆனது 12 விழுக்காடுதான். நீலத் தொட்டியில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு அங்கே வரக்கூடாததாகவோ, அழுக்கடைந்து பயனற்றதாகவோ இருக்கிறது.

காரணம் எளிது. இங்கே காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கும் ஒரே தொட்டியில் விழுகின்றன. பிறகுதான் பிரிக்கிறார்கள். ஒருவர் பாதி குடித்த பாக்கெட் பானத்தைப் போட்டால் அது அடியில் கிடக்கும் அத்தனை அட்டையையும் நனைத்துவிடும். பிளாஸ்டிக்கையும் டின்னையும் கழுவி மீட்டுவிடலாம். எண்ணெயும் குழம்பும் ஊறிய காகிதத்தை மீட்க முடியாது. ஆகவே 'நான் போட்டது சரியான பொருள்தானே' என்ற கேள்வி போதாது, அது காய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

தயிர் டப்பாவைக் கழுவத் தனியாகத் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். பாத்திரம் தேய்த்து முடித்தபின் மிஞ்சும் சோப்புத் தண்ணீரே போதும். ஒரு குலுக்கு, ஒரு அலசல், கவிழ்த்து வைத்துவிடலாம். நெய், ஊறுகாய் புட்டிகளை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். பளபளவென்று இருக்க வேண்டியதில்லை. உணவு ஒட்டாமலும் சொட்டாமலும் இருந்தால் சரி. பீட்சா அட்டையில் எண்ணெய் படாத மேல்மூடியைக் கிழித்து நீலத் தொட்டிக்கும், எண்ணெய் ஊறிய அடியைக் குப்பைக்கும் அனுப்புங்கள்.

மெல்லிழைத் தாள் (டிஷ்யூ), நுரைப் பெட்டி, சாப்பிட்ட பொட்டலக் காகிதம், பீங்கான், துணிமணி ஆகிய எதற்கும் அங்கே இடமில்லை. உட்புறம் வெள்ளியாய்ப் பளபளக்கும் முறுக்கு, சிப்ஸ் உறைகளும் சேராது. பல அடுக்குகள் ஒட்டிச் செய்தது அது, பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் அடைத்து இறுக்கிக் கட்டிப் போடுவதையும் தவிருங்கள். 2023-இல் வீடுகளுக்கு இலவசமாகத் தந்த மடிப்புப் பெட்டியான புளூபாக்ஸில் சேர்த்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவரலாம்.

மின்கலம், பழைய கைப்பேசி, மின்விளக்கு முதலியவற்றுக்கு 2021 ஜூலை முதல் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தனித் தொட்டிகள் உண்டு. பழைய நாளிதழ், ஓடாத மின்விசிறி போன்றவற்றுக்கு, வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரர் இருக்கவே இருக்கிறார். பான டின், பிளாஸ்டிக் புட்டிகளுக்கு 2026 ஏப்ரல் 1 முதல் வைப்புத்தொகைத் திட்டம். 150 மில்லி லிட்டரிலிருந்து 3 லிட்டர் வரையான, வைப்புத்தொகை முத்திரை உள்ளவற்றுக்கு 10 காசு திரும்பக் கிடைக்கும். அவற்றை நசுக்காமல், முத்திரையும் பட்டைக் குறியீடும் கிழியாமல் வைத்திருக்க வேண்டும். காலங்காலமாக டின்னை மிதித்துத் தட்டையாக்கிப் பழகிய நம் காலுக்குத்தான் இது கொஞ்சம் சிரமம்.

வெளியே வாங்கும் சாப்பாட்டுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவங்காடியில் சொல்லும்போதே மூடியைத் திறந்து நீட்டுங்கள். பொட்டலம் கட்டியபின் 'என் டப்பாவில் மாற்றுங்கள்' என்றால் கட்டிய உறை குப்பைக்குத்தான் போகும். குழம்புக்குத் தனிக் கிண்ணம் இல்லையென்றால் எப்படியும் ஒரு பிளாஸ்டிக் பை வந்து சேரும். பிரியாணிக்கு ஓர் அகலமான அடுக்கு, குழம்புக்கு ஒரு சின்ன அடுக்கு, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜில்தான் பாதிக் குப்பை பிறக்கிறது

உரம் போடுவதைப் பற்றிப் பேசத்தான் எல்லாருக்கும் ஆசை. வாங்கியதை அழுகாமல் காப்பாற்றுவதில் அந்த அளவு சுவாரசியம் இல்லை. ஆனால் பலன் அதிகம் இதில்தான். தேக்கா சந்தைக்கு வாரம் ஒருமுறை போய்க் கட்டுக்கட்டாக வாங்கி வருகிறவர்களுக்கு இந்தப் பகுதி.

கறிவேப்பிலையை வந்த அன்றே கழுவாதீர்கள். காம்பிலிருந்து உருவி, பெரிய தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். மேல் ஈரம் போனால் போதும், சருகாகக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவின் அடியில் மெல்லிழைத் தாள், அதன் மேல் இலை, மேலே இன்னொரு தாள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தாள் நமுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். தாளை மாற்றாமல் விட்டால் அடியில் உள்ள இலை கறுக்கும், பிறகு அது மற்றவற்றையும் கெடுக்கும். இப்படி இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் உறைபெட்டிதான் வழி. உறைந்த இலையை எண்ணெயில் போடும்போது படபடவென்று தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லி, புதினாவுக்கும் இதே முறைதான், வேரை மட்டும் வெட்டிவிட வேண்டும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிடுவது முக்கியம். அழுகல் காம்பிலிருந்தே தொடங்கும். கீரை எப்படியும் இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். மூன்று கட்டு மலிவாகக் கிடைத்தாலும், இரண்டு நாளில் ஒரு கட்டு சமைக்கும் வீடு என்றால் ஒரு கட்டே வாங்குங்கள். சின்ன வெங்காயத்தை ஃபிரிட்ஜில் வைக்காமல் வலைக்கூடையில் காற்றோட்டமாக வையுங்கள். உருளையோடு சேர்த்து வைத்தால் இரண்டும் விரைவில் கெடும்.

தேங்காயை மொத்தமாகத் துருவி ஒரே டப்பாவில் உறையவைத்தால் பாறையாகிவிடும். உடைக்க முடியாமல் முழுவதையும் இளக்கி, மிஞ்சியதைக் கொட்டுவதில் முடியும். பையில் ஒரு விரல் தடிமனுக்கும் குறைவாகத் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் வேண்டிய துண்டை ஒடித்துக்கொள்ளலாம். ரவை, கடலை மாவு, பருப்பு வகைகளை வாங்கி வந்ததும் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து, பிறகு வெளியே எடுத்து, பை அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்து டப்பாவில் கொட்டுங்கள். வண்டு முட்டை அதில் செத்துவிடும். குளிர்ந்த பையை உடனே திறந்தால் ஈரக்காற்று உள்ளே புகுந்து மாவு கட்டிபிடிக்கும். இங்கும் அதே பகைதான்.

இட்லி மாவு இந்த ஊர்ச் சூட்டில் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஊர்ப்பழக்கத்தில் இரவு முழுவதும், அதற்கு மேலும் வெளியே விட்டால் மறுநாளே புளிக்கும். பொங்கியதும் கலக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்து அதில் உப்பும் தண்ணீரும் சேருங்கள். மொத்த மாவையும் தினம் வெளியே எடுத்துக் கரண்டி விட்டுத் திரும்ப வைத்தால் மூன்றாம் நாளே புளிப்பு ஏறும். புளித்த மாவைக் கொட்ட வேண்டாம். சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகாய் போட்டால் குழிப்பணியாரத்துக்கு அந்தப் புளிப்புதான் ருசி.

சோறு மிஞ்சுவதற்கு மூலகாரணம் அளவு. ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் 180 மில்லி பிடிக்கும், சுமார் 150 கிராம் அரிசி. குழம்பு, பொரியல், தயிர் என்று சாப்பிடும் பெரியவருக்கு அரை கப் சரியாக இருக்கும். நான்கு பேருக்கு இரண்டு கப். 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடும் மூன்றாவது கப்தான் மறுநாள் குப்பை. மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குக்கரோடு வைத்தால் நடுவில் சூடு வெகுநேரம் நிற்கும். ஃபிரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். சோற்றில் பெருகும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மதியத்துச் சோறு இரவுவரை மேசையிலேயே கிடந்திருந்தால் அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். வீணாக்கக்கூடாது என்பதற்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்வது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

பீர்க்கங்காய்த் தோல்

தோலையும் தண்டையும் சமைப்பது நம் வீடுகளில் புதிதில்லை. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு, காலிஃப்ளவர் தண்டு சாம்பாருக்கு, முளைக்கீரைத் தண்டு புளிக்குழம்புக்கு ஆகும். இவற்றில் பலரும் கெடுத்துவிடுவது பீர்க்கங்காய்த் தோல் துவையலை.

ஒரு பெரிய காயின் கூர்மையான வரம்புகளை மட்டும் சீவிக் களைந்துவிடுங்கள், அவை நார். மிச்சத் தோல் நறுக்கினால் ஒரு கப் தேறும். இரண்டு தேக்கரண்டி உளுத்தம்பருப்பும் மூன்று காய்ந்த மிளகாயும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் தோலைப் போடுங்கள். முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் முழுதும் வற்றி, தோல் சுருங்கி, ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாடை போகாது, துவையலும் மறுநாள் தாங்காது. சுண்டைக்காய் அளவு புளி, இரண்டு கரண்டி தேங்காய், உப்பு. அரைக்கும்போது தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது.

வீவக வீட்டில் உரம்

முதலில் ஒரு கேள்வி. உரம் வந்தால் யாருக்கு? நான்கு தொட்டிச் செடி மட்டும் இருக்கும் வீட்டில் உரம் குவிந்துகொண்டே போகும். புளோக்கின் கீழே குடியிருப்பாளர் தோட்டம் இருந்தால் அங்குள்ளவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால் பல பேட்டைகளில் இப்படி உண்டு. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் உரம் போடாமல் இருப்பதே மேல், மேலே சொன்னவற்றைச் செய்தாலே போதும்.

செய்வதாக இருந்தால், மூடியுள்ள 20 லிட்டர் வாளி ஒன்று. அடியில் எட்டு பத்து, பக்கவாட்டில் வரிசையாக இருபது துளைகள், பென்சில் பருமனில். துளைகளுக்கு உட்புறம் பழைய கொசுவலைத் துண்டு. அடியில் ஐந்து சென்டிமீட்டருக்குக் காய்ந்த பொருள். தினமும் போடும் காய்க் கழிவு ஒரு பங்கு என்றால் அதற்கு மேல் காய்ந்த பொருள் இரண்டு பங்கு. எடையில் அல்ல, கன அளவில். காய்க்கழிவைக் கட்டைவிரல் நகத்தளவு நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மட்கும். கடைசியில் எப்போதும் காய்ந்த பொருளால் மூடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள்.

காய்ந்த பொருள் எங்கே கிடைக்கும் என்பதுதான் வீவக வாசிகளின் தலைவலி. கிழித்த முட்டை அட்டை, பொருள் வந்த பழுப்பு அட்டைப்பெட்டி, தேங்காய் நார்த்தூள் மூன்றும் நன்றாக வேலை செய்யும். நார்த்தூள் கட்டியை விதைப்புக்குச் செய்வதுபோல் தண்ணீரில் ஊறவைக்காமல், உலர்ந்தபடியே சுரண்டி எடுங்கள். உதிர்ந்த தூங்குமூஞ்சி மர இலை பொடிப்பொடியாக இருப்பதால் நறுக்கும் வேலை மிச்சம். புளோக்கைக் கூட்டும் துப்புரவாளரிடம் கேட்டால் ஒரு பை கிடைக்கும். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றி இலைதழை எடுக்காதீர்கள்.

ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான பதம். ஒழுகினால் ஈரம் மிகுதி, அட்டையைக் கிழித்துப் போட்டு மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். எதுவும் வராமல் உதிர்ந்தால், எறும்பு வேறு குடியேறியிருந்தால், தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை, கிளற வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம். வெள்ளைப் பூஞ்சை நல்ல சகுனமே.

பழ ஈக்கு ஒரு வழி இருக்கிறது. வாழைப்பழத் தோல், மாம்பழத் தோல் வரும்போதே அதன் முட்டையும் கூட வருகிறது. தோலை ஒருநாள் உறையவைத்துப் போட்டால் தொல்லை வெகுவாகக் குறையும். சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் கொழுத்த புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அவை பெரும்பாலும் கறுப்புப் போர்வீரன் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்னும். ஆனால் கூட்டுப்புழு ஆகும் சமயத்தில் வாளியை விட்டு ஏறி வெளியே போகும். அடுத்த வீட்டு வாசலில் அவை ஊர்ந்தால் உங்கள் சூழல் அக்கறையை யாரும் பாராட்டப் போவதில்லை. அவை வருவதே ஈரமான கழிவு மூடப்படாமல் கிடப்பதால்தான்.

மீன், இறைச்சி, எண்ணெய், பால், சமைத்த சோறு இந்த வாளிக்கு வேண்டாம். சிறு வாளியில் கிருமி சாகும் அளவுக்குச் சூடு ஏறாது. தேங்காய் ஓடு, மாங்கொட்டை, முருங்கைச் சக்கையும் கிடந்தபடியே கிடக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், முழுதாகப் போட்டால் அடுத்த பொங்கலுக்கும் அப்படியே இருக்கும். மற்றபடி இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுத்துவிடும்.

வாளிக்கு அடியில் வைக்கும் தட்டுதான் ஆபத்து. அதில் வடிந்த நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். சுற்றுப்புற வாரிய அதிகாரி சோதனைக்கு வந்தால் அபராதம் உங்களுக்கு. தட்டில் உலர்ந்த நார்த்தூளைப் பரப்பிவிடுங்கள். வடியும் நீரை அது குடித்துக்கொள்ளும். நனைந்ததை எடுத்து வாளிக்குள்ளேயே போட்டுவிட்டுப் புதிது பரப்பலாம். தாழ்வாரத்தில் வைப்பதாக இருந்தால் நடக்க 1.2 மீட்டர் இடம் விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீயணைப்பு விதி.

சமைத்த உணவும் அதிகம் மிஞ்சும் வீட்டுக்குப் பொக்காஷி பொருத்தம். இது மட்கவைப்பதில்லை, காற்றில்லாமல் புளிக்கவைக்கும் முறை. அடியில் குழாய் வைத்த, இறுக மூடும் வாளி வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கழிவுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி நுண்ணுயிர்த் தவிடு தூவி, தட்டால் அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். ரசம், குழம்புத் தண்ணீர் போகக்கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து நீரை வடியுங்கள். அதை நூறு பங்கு தண்ணீரில் கலந்தால் செடிக்கு ஊற்றலாம், அப்படியே ஊற்றினால் வேர் கருகும். நிரம்பியபின் இரண்டு வாரம் திறக்காமல் விட வேண்டும். ஊறுகாய்ப் புளிப்பு வாடை வந்தால் வெற்றி. கறுப்பு, நீலப் பூஞ்சையும் அழுகல் நாற்றமும் வந்தால் மூடி கசிகிறது அல்லது தவிடு குறைவு. பலரும் இத்தோடு முடிந்தது என்று நினைத்துச் செடிக்குப் போட்டு, செடியைக் கொல்கிறார்கள். புளித்ததை இரண்டு பங்கு மண்ணோடு கலந்து ஒரு பெட்டியில் இன்னும் இரண்டிலிருந்து நான்கு வாரம் மூடி வைத்தால்தான் அது மண்ணாகும்.

பழத்தோல் என்சைம் பற்றியும் பலர் கேட்பதுண்டு. சர்க்கரை ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊறல் என்பது கணக்கு. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் செய்தால் அடுப்பு மேடை, தரை துடைக்கப் புளிப்புத் தண்ணீராக உதவும். கொசுவை ஒழிக்கும், ஆற்றைச் சுத்தமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் குடம்குடமாகச் செய்ய வேண்டாம், ஒன்றரை லிட்டர் புட்டி ஒன்று போதும். கண்ணாடிப் புட்டியில் மட்டும் செய்யாதீர்கள். முதல் மாதம் வாயு நிறைய உண்டாகும், மூடியைத் தினமும் தளர்த்தி விடாவிட்டால் வெடித்துவிடும். பிளாஸ்டிக் புட்டியில் கால்பங்கு வெற்றிடம் விடுங்கள். வடித்தபின் மிஞ்சும் சக்கை கடும் புளிப்பு. அதைப் பிழிந்து, பொடித்த முட்டை ஓடு ஒரு கைப்பிடி கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக உரவாளியில் சேர்க்கலாம்.